கூழாவடிக்குளத்துக் கையெழுத்து

ஸ்ரெல்லா ரீச்சருக்கு முப்பத்திரண்டு வருடச் சேவையில் கல்விக் கந்தோரில் இருந்து வந்த கடிதங்கள் முழுவதையும் ஒரு பிஸ்கற் பேணிக்குள் அடக்கிவிடலாம். நியமனக் கடிதம், நிரந்தரமாக்கிய கடிதம், இடமாற்றக் கடிதங்கள் இரண்டு, பிறகு சம்பளப் படியேற்றம் பற்றிய சில துண்டுகள். பாராட்டி ஒருவரும் எழுதியதில்லை, ஏசியும் எழுதியதில்லை. ஒழுங்காக வேலை செய்கிறவர்களின் கோப்பு எந்தக் கந்தோரிலும் மெலிந்துதான் கிடக்கும்; குழப்படிகாரரின் கோப்புத்தான் கொழுக்கும். அப்படியிருந்த ரீச்சரின் கோப்பு, அவர் ஓய்வு பெறப் பதினொரு மாதம் இருக்கையில், ஒரே கிழமையில் ஒரு சாண் வீங்கிவிட்டது.

முதலில் வந்தது ஓர் இடமாற்றக் கடிதம். எங்கேயோ ஆள் கூட, எங்கேயோ ஆள் குறைவு, ஆகவே சமப்படுத்துகிறோம், நாற்பது கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள பாடசாலையில் போய்க் கடமையை ஏற்கவும் என்று அதில் இருந்தது. ரீச்சர் அதை இரண்டு தரம் வாசித்தார். “ஆண்டவர் விட்ட வழி” என்று சொல்லி மடித்துப் பேணிக்குள் வைத்தார். அவர் வைத்துவிட்டார். ஊர் வைக்கவில்லை.

ஊர் என்றால் கூழாவடிக்குளம். ஜெயபுரத்துக்கு அப்பால் உள்ளே இறங்கிப் போனால், வாய்க்கால் கரையோடு நாற்பத்து மூன்று வீடுகள். யாழ்ப்பாணத்தில் இருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த கமக்காரரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், மலையகத்தில் இருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து கூலிக்கு நின்று பிறகு காணி பிடித்தவர்களும் கலந்திருக்கிற ஊர். ஐந்தாம் தரம் வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்தின் அபிவிருத்திச் சங்கச் செயலாளர் நடராசா. கமக்காரர் அமைப்பின் தலைவரும் அவர்தான். ஊரில் தலைமை தாங்க ஏதாவது மிச்சம் இருந்தால் அதையும் அவரிடம்தான் கொடுப்பார்கள், ஏனென்றால் கொடுக்காவிட்டாலும் எடுத்துக்கொள்வார்.

“மகஜர் எழுதி எல்லாரும் அடியிலை கையெழுத்து வைச்சால் அது ஒரு கடுதாசி” என்று நடராசா கூட்டத்தில் சொன்னார். “ஒரு கடுதாசியைத் தூக்கி அலுமாரிக்குள்ளை வைக்க ஒரு கை போதும். வீட்டுக்கு ஒண்டாய்ப் பெட்டிசம் எழுதுவம். நாப்பத்து மூண்டு போய்ச் சேர்ந்தால் அவை என்ன செய்வினம்? அவரவர் தங்கட கையாலை, தங்கட வாயிலை வந்தபடி எழுதுங்கோ. ஒராளைப் பாத்து ஒராள் எழுதினால் கள்ளம் எண்டு பிடிச்சுப்போடுவாங்கள். ரீச்சருக்கு மூச்சும் விடக்கூடாது. அவா அறிஞ்சால் வேண்டாம் எண்டுதான் சொல்லுவா.”

அப்படியே நடந்தது. நாற்பத்து மூன்று வீட்டுக்காரரும் அவரவர் குசினி வாசலில் இருந்து எழுதி, அவரவர் தபாலுறையில் போட்டு அனுப்பினார்கள். ஒரு கிழமையால் ரீச்சருக்கு இரண்டாவது கடிதம் வந்தது. தங்களது இடமாற்றத்தை எதிர்த்து வந்துள்ள நாற்பத்து மூன்று முறைப்பாடுகளும் ஒரே கையெழுத்தில் உள்ளன, அது தங்களது கையெழுத்தை ஒத்துள்ளது, பெற்றோரின் பெயரில் தாங்களே அவற்றை எழுதியதாகக் கருத இடமுண்டு, விசாரணை அதிகாரி வியாழக்கிழமை வருகிறார், சமுகமளிக்கவும்.

இதை ரீச்சர் பேணிக்குள் வைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். இடமாற்றம் பெரிய காரியமில்லை, பத்து மாதம் பஸ் ஏறி இறங்கினால் முடிந்துபோகும். ஆனால் இது அப்படி முடியாது. வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்கினவள், கடைசியில் கள்ள எழுத்து எழுதினாள் என்ற பெயரோடு வீட்டுக்குப் போவதா? முல்லைத்தீவுக் கரையில் அவருடைய தகப்பன் யாகப்பு சம்மாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அடுத்தவன் வலையில் இருந்து ஒரு மீனைக்கூடக் கழற்றாத மனிதன் என்று கரை முழுக்கப் பெயர். அந்தப் பெயர்தான் ரீச்சருக்கு வந்த சீதனம். கலியாணம் கட்டாததால் அது செலவழியாமலும் இருந்தது. இப்போது அதற்குத்தான் ஆபத்து.

ரீச்சர் கூழாவடிக்குளத்துக்கு வந்தது இரண்டாயிரத்துப் பத்தில். யுத்தம் முடிந்து, முகாமில் இருந்து சனங்களைத் திரும்பக் குடியமர்த்திய காலம். பள்ளிக்கூடம் என்று சொல்ல நான்கு கப்புத் தடிகளும் மேலே ஒரு தறப்பாளும் இருந்தன. கொப்பி இல்லை, பென்சில் இல்லை, கரும்பலகை இருந்தது, எழுத வெண்கட்டி இல்லை. தரம் ஒன்றுக்கு என்று வந்து நின்ற பிள்ளைகளில் ஒன்பது வயதுப் பிள்ளைகளும் நின்றன. ரீச்சர் தம்பி மெல்ரொனுக்குச் சொல்லி அனுப்பினார். அவர் அடுத்த கிழமை கடற்கரையில் இருந்து இரண்டு உரப்பை மணல் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார்.

“அக்கா, கருவாடு கேக்கிற ஆக்களைக் கண்டிருக்கிறன். மணல் கேக்கிற ஆளை இப்பதான் காணுறன்” என்றார் மெல்ரொன்.

வயல்கரை மண் விரலில் ஒட்டும், எழுத்து நிற்காது. கடல்மணல் எழுதினால் நிற்கும், தட்டினால் அழியும். பலகைத் தட்டுகளில் அந்த மணலைப் பரப்பிப் பிள்ளைகள் அ எழுதினார்கள், ஆ எழுதினார்கள், இடையில் சிப்பி கிடைத்தால் சண்டை பிடித்தார்கள். பிறகு கட்டடம் வந்தது, கொப்பி வந்தது, கதிரை மேசை வந்தது. ஆனாலும் தரம் ஒன்றுப் பிள்ளைகளுக்கு முதல் மூன்று மாதமும் மணல்தான் என்ற வழக்கத்தை ரீச்சர் விடவில்லை. வருடம் ஒருமுறை மெல்ரொன் மணல் மாற்றிக்கொண்டு போவார்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. ரீச்சரின் வலக்கைச் சுட்டுவிரல் மடங்காது. கடைசி யுத்தத்தில் ஒரு செல் துண்டு உள்ளங்கையைக் கிழித்து அந்த விரலின் நரம்பை அறுத்துவிட்டது. காயம் ஆறித் தழும்பும் மங்கிவிட்டது. விரல் மட்டும் எந்நேரமும் எதையோ காட்டுவது போல நீட்டிக்கொண்டே நின்றது. அவர் மணலில் நடுவிரலால் எழுதினார். பென்சிலைப் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்து, சுட்டுவிரலை நீட்டியபடி எழுதினார். அப்படி எழுதினால் எழுத்து இடப்பக்கம் சாயும், ழகரத்தின் கால் கீழே இழுபடும், மெய்யெழுத்தின் குற்றுக்கூடப் புள்ளியாக நிற்காமல் சின்னக் கோடாக ஓடும்.

இதைப் பற்றி அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. ஒருவரும் கேட்டதும் இல்லை. வன்னியில் அது வழக்கம். ஒருவர் நொண்டினால் ஏன் நொண்டுகிறாய் என்று கேட்பதில்லை. கழுத்தில் தழும்பு கிடந்தால் பார்வையை அந்தப் பக்கம் கொண்டுபோவதில்லை. கேட்டால் அவர் சொல்லவேண்டி வரும், பிறகு கேட்டவரும் தன்னுடையதைச் சொல்லவேண்டி வரும். அதனால் கல்லுக் கரைகிற அளவுக்குக் கதைக்கிற சனம்கூட இந்த ஒன்றை மட்டும் கதையாது.

பிள்ளைகள் தன்னைப் பார்த்துப் பிழையாகப் பழகிவிடக்கூடாது என்பதில் ரீச்சர் கவனமாக இருந்தார். பென்சில் பிடிக்கிற சரியான முறையைப் பெரிதாகக் கீறிச் சுவரில் ஒட்டினார். ஒவ்வொரு பிள்ளையின் சுட்டுவிரலையும் தன் கையால் மடக்கிவிட்டார். வெள்ளிக்கிழமை எல்லா விரலும் மடங்கியிருக்கும். திங்கட்கிழமை எல்லா விரலும் திரும்ப நீட்டிக்கொண்டு வரும். பதினான்கு வருடமாக இதே கூத்து. “இதுகள் சனி ஞாயிறிலை எங்கை போய் விரலை நிமித்திக்கொண்டு வருதுகள்?” என்று அவர் பள்ளிக்கூட அதிபரிடம் அலுத்துக்கொள்வார்.

பின்னேரங்களில் பெரியவர்களுக்கும் ஒரு வகுப்பு வைத்தார். ஓடித் திரிந்த காலத்தில் பள்ளிக்கூடம் போகாமல் விட்ட தாய் தகப்பன்மார் வீட்டுக்கு ஒருவராவது வந்தார்கள். கையொப்பத்தின் இடத்தில் பெருவிரல் அடையாளம் வைத்தே ஐம்பது வயதைத் தொட்ட பேச்சியம்மா வந்தார். படித்திருந்தும் எழுதாமல் இருந்து கை விட்டுப்போன நடராசாவும் வந்து முன்வாங்கில் இருந்தார். அவர்களும் விரலை நீட்டித்தான் எழுதினார்கள். ரீச்சர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மண்வெட்டியும் கத்தியும் பிடித்துக் காய்த்த கைகள், மடங்காதாக்கும், இல்லாவிட்டால் இவர்களுக்கும் ஏதேனும் பட்டிருக்கும் என்று எண்ணிக்கொண்டார். வளர்ந்தவர்களின் விரலைப் பிடித்து ஏன் மடக்கவில்லை என்று கேட்பது சரியில்லை அல்லவா.

வியாழக்கிழமை வந்தது. விசாரணை அதிகாரி யோகலிங்கம், முன்பு கணிதம் படிப்பித்து அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். மோட்டார் சைக்கிளில் கிரவல் தூசியோடு வந்து இறங்கினார். தரம் ஒன்றுப் பிள்ளைகளை அதிபர் மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த வகுப்பறையிலேயே விசாரணை. ரீச்சரின் மேசையில் அதிகாரி இருந்தார். ரீச்சர் எதிரே நின்றார். “இருங்கோ” என்று சொன்ன பிறகுதான் இருந்தார்.

“இந்த நாப்பத்து மூண்டும் ஆர் எழுதினது, ரீச்சர்?”

“தெரியாது சேர். இப்பிடி ஒண்டு போனதே உங்கட கடிதம் வந்தாப்போலைதான் தெரியும்.”

அவர் கட்டில் இருந்து ஒன்றை உருவி நீட்டினார். ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. இழுபட்ட ழகரம். கோடாக ஓடிய குற்று. 

“இது என்ர எழுத்தெல்லோ” என்று வாய் தவறி வந்துவிட்டது.

யோகலிங்கம் அதைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டார்.  நித்திரையில் எழுந்து எழுதியிருப்பேனோ என்றுகூட ரீச்சருக்கு ஒரு கணம் தோன்றியது.

“சரி. நான் ஒவ்வொண்டாய் வாசிக்கிறன். நீங்கள் எழுதினதோ இல்லையோ எண்டு மட்டும் சொல்லுங்கோ” என்றார் அதிகாரி. மின்சாரக் கட்டணத் துண்டு வாசிப்பது போல ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசிக்கத் தொடங்கினார்.

“ஐயா, நாற்றைப் பிடுங்கி நடுவது கமத்தில் உண்டு. கதிர் முற்றிய பயிரைப் பிடுங்கி வேறு வயலில் நட்டதாக நான் அறியவில்லை. தங்கள் கந்தோரில் அப்படி ஒரு முறை இருந்தால் அறியத் தரவும். இப்படிக்கு, நடராசா.”

“நான் எழுதேல்லை, சேர்.”

“ஐயா, என் மகன் கிருசாந்தன் முகாமில் இருந்து வந்த பிறகு வாய் திறக்கவில்லை. ரீச்சர் அவனிடம் கேள்வி கேட்டு, அவன் தலையை ஆட்டினால் அதைப் பதிலாக எடுத்துப் புள்ளி போட்டா. இரண்டு வருடம் அப்படிப் போட்டா. மூன்றாம் வருடம் ஒருநாள் இடாப்புக் கூப்பிடும்போது, ஓம் ரீச்சர், என்றான். அன்றைக்கு அவ அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லையாம். அடுத்த பேரைக் கூப்பிட்டவவாம். இப்போது அவன் பஸ்ஸில் நடத்துநர், வாய் மூடுவதில்லை.”

“நான்... நான் எழுதேல்லை, சேர்.”

“ஐயா, ரீச்சரில் எனக்கு ஒரு குறை உண்டு. மழைக்குப் பிள்ளையை மறித்தால் குடை பிடித்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்துவிடுவா. வந்தால் தேத்தண்ணி ஊத்த வேணும், பிள்ளையையும் அனுப்ப வேணும். இது பெரிய கரைச்சல். இந்தக் கரைச்சல் எங்களுக்கு வேணும்.”

ரீச்சர் தலையை மட்டும் ஆட்டினார்.

“ஐயா, இது நானே எழுதுறது. முந்திக் கைநாட்டு. இதுக்கு மேலை எழுத ஒண்டும் இல்லை. பேச்சியம்மா.”

இந்த முறை ரீச்சரால் தலையாட்டவும் முடியவில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் ஒருவரும் அவருக்கு முன்னால் நின்று இப்படி ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவர் நிற்கவும் விட்டிருக்கமாட்டார், வேலை கிடக்குது என்று போயிருப்பார். இன்றைக்கு அரசாங்கம் கட்டளை போட்டு அவரை ஒரு கதிரையில் இருத்தி, முழுவதையும் கேள் என்று வைத்திருக்கிறது. குற்றவாளியாக இருந்துகொண்டு அவ்வளவையும் கேட்கவேண்டி வந்ததை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. சந்தோசமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து கண்ணால் இறங்கியது.

யோகலிங்கம் தண்ணீர்ப் போத்தலை அவர் பக்கம் தள்ளினார். “உங்கட கையாலை ரெண்டு வரி எழுதித் தாங்கோ” என்றார். ரீச்சர் எழுதிக் கொடுத்தார். அதிகாரி பெட்டிசங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“ரீச்சர், எனக்கு உங்களிலை கோவம் இல்லை. ஆனால் கணக்கு எண்டால் கணக்கு. இதுகும் அதுகும் ஒண்டுதான்.”

அப்போதுதான் யன்னலுக்கு வெளியே நின்ற நடராசாவுக்குப் பொறுமை எல்லை கடந்தது. அனுமதி கேட்காமலே உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் முற்றத்தில் ஊரே நின்றது.

“சேர், எழுதினது நாங்கள். இதிலை ஒரு கள்ளமும் இல்லை. வீட்டுக்கு ஒராள் வந்திருக்கு. கடுதாசி தாங்கோ, உங்களுக்கு முன்னாலை எழுதிக் காட்டுறம்.”

யோகலிங்கம் பெட்டிசக் கட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு எல்லோரையும் உள்ளே வரச் சொன்னார். தரம் ஒன்றுப் பிள்ளைகளின் கதிரைகளில் கமக்காரர் இருந்தார்கள், முழங்கால் காதைத் தொட்டது. இடம் போதாதவர்கள் நிலத்தில் இருந்தார்கள். பேச்சியம்மா மணல் தட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார்.

“சொல்வதெழுதல்” என்றார் அதிகாரி. பழைய வாத்தியார் அல்லவா, குரல் தானாகவே வந்துவிட்டது. “மழை பெய்ததால் எங்கள் குளம் நிரம்பி வழிந்தது.”

நாற்பத்து மூன்று பேரும் குனிந்தார்கள். யோகலிங்கம் எழுந்து வரிசைக்குள் நடந்தார். முதலில் கடுதாசிகளைப் பார்த்தார். எல்லா எழுத்தும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது, எல்லா ழகரமும் காலை நீட்டியிருந்தது. பிறகு கைகளைப் பார்த்தார். பார்த்த இடத்தில் நின்றுவிட்டார். அத்தனை பேரின் சுட்டுவிரலும் பென்சிலைத் தொடாமல் நேரே நீட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் மட்டும் தெரியாத்தனமாக மடக்கியிருந்தார். அவருடைய விலாவில் நடராசா இடித்தார்.

“விரலை நீட்டடாப்பா. ரீச்சர் பாக்கிறா.”

“ஏன் நீட்ட வேணும்?” என்று கேட்டார் யோகலிங்கம்.

நடராசாவுக்கு விளக்கம் சொல்லக் கிடைத்த சந்தோசம். “சேர், சுட்டுவிரல் வழிகாட்டுற விரல். அதுக்குப் பாரம் குடுத்தால் எழுத்து நசிஞ்சுபோம். இது ரீச்சரின்ர முறை. பிள்ளையள் பள்ளிக்கூடத்திலை இருந்து வரேக்கை விளையாட்டுப் புத்தியிலை மடக்கிக்கொண்டு வருங்கள், கேட்டால் ரீச்சர்தான் மடக்கச் சொன்னவா எண்டு பொய்யும் சொல்லுங்கள். நாங்கள் விடமாட்டம். வீட்டிலை அடிமட்டத்தாலை ஒண்டு போட்டு நீட்டுவிச்சுப்போட்டுத்தான் திங்கக்கிழமை அனுப்புறனாங்கள்.”

ரீச்சர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். வெள்ளிக்கிழமை மடங்கிய விரல் திங்கட்கிழமை நிமிர்ந்த மாயம் பதினான்கு வருடத்துக்குப் பிறகு அவருக்கு விளங்கியது. இவர் மடக்க, ஊர் நிமிர்த்தியிருக்கிறது.

யோகலிங்கம் வெளியூர்க்காரர். கூழாவடிக்குளத்தில் ஒருவரும் கேளாத கேள்வியை அவர் கேட்டார். “நீங்கள் ஏன் ரீச்சர் விரலை நீட்டி எழுதுறியள்?”

 ரீச்சர் வலக்கையைத் தூக்கிக் காட்டினார்.

“இது முறை இல்லை, சேர். இது மடங்காது. இரண்டாயிரத்து ஒன்பதிலை செல் துண்டு பட்டு நரம்பு அறுந்துபோச்சு. மடங்குமெண்டால் நானும் மடக்கித்தான் எழுதுவன்.”

நடராசா தன் விரலைப் பார்த்தார். எல்லோரும் அவரவர் விரலைப் பார்த்தார்கள். சிலர் அதை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

“பதினாலு வருசம்” என்றார் நடராசா. அவருடைய குரலில் தலைவர் ஒருவரும் இல்லை. “ஒருநாள் கேக்கேல்லையே ரீச்சர் நாங்கள்.”

“நான் மட்டும் உங்களைக் கேட்டனானே? மண்வெட்டி பிடிச்ச கையள், மடங்காதாக்கும் எண்டு நினைச்சன்.”

முதலில் சிரித்தது பேச்சியம்மா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு ஒவ்வொருவராகச் சிரித்தார்கள். சிரிப்புக்குள்ளே சிலர் அழுததையும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. யோகலிங்கம் யன்னல் பக்கம் திரும்பி நின்று கண்ணாடியைத் துடைத்தார்.

பிறகு அவர் மேசைக்குப் போய் அறிக்கையை எழுதினார். அதில் ஒரு வரியை எல்லோருக்கும் கேட்க வாசித்தார். “கையெழுத்து ஒன்று. எழுதியவர்கள் நாற்பத்து மூன்று பேர். என் முன்னிலையில் எழுதினார்கள்.” கட்டைக் கட்டிக்கொண்டு எழும்பும்போது ரீச்சரிடம் மட்டும் சொன்னார். “நானும் முப்பது வருசம் படிப்பிச்சனான். என்னட்டைப் படிச்ச ஒராளெண்டாலும் இண்டைக்கு என்னைப்போலக் கணக்குச் செய்யிறாரோ தெரியாது.” மோட்டார் சைக்கிளை உதைக்கிறபோது சொல்வதெழுதிய கடுதாசி ஒன்று அவர் சட்டைப் பையில் இருந்ததை நடராசா கண்டார். அது கோப்பில் சேர்க்கவேண்டிய கடுதாசிதான். ஆனால் கோப்புக்குப் போனது நாற்பத்திரண்டு மட்டும் என்று நடராசா இன்றைக்கும் சொல்வார்.

மூன்று கிழமையால் இடமாற்றம் இரத்து என்று கடிதம் வந்தது. ரீச்சர் அதைப் பேணிக்குள் வைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு பெற்றோர் கூட்டம் வைத்தார். ஊரே நன்றி கேட்க வந்தது போல வந்து இருந்தது. அவர் நன்றி சொல்லவில்லை.

“எனக்குக் காயம். உங்களுக்கும் பிள்ளையளுக்கும் என்ன? மடக்குங்கோ” என்றார். “இன்னும் பத்து மாதம்தான் இருக்கு. அதுக்கிடையிலை இந்த ஊரிலை ஒரு விரலும் நீட்டிக்கொண்டு நிக்கக்கூடாது.”

அந்தப் பத்து மாதமும் கூழாவடிக்குளம் பட்ட பாடு கொஞ்சமில்லை. பிள்ளைகள் ஒரு கிழமையில் பழகிவிட்டார்கள், இப்போது வீட்டில் அடிமட்டம் இல்லையல்லவா. பெரியவர்களுக்குத்தான் எழுத்து முதலாம் தரத்துக்குப் போய்விட்டது. நடராசாவின் கையொப்பம் மாறிவிட்டதென்று கிராம அலுவலர் படிவத்தைத் திருப்பி அனுப்பினார். பின்னேர வகுப்பில் ரீச்சர் ஒவ்வொருவராகப் பிடித்து, முன்பு கூச்சத்தில் தொடாமல் விட்ட விரல்களை இப்போது தொட்டு மடக்கினார். “நோகுதோ?” என்று கேட்டார். சிலர் இல்லை என்றார்கள். ஒரு சிலர் “அந்த விரல் மொளியிலை கொஞ்சம், ரீச்சர்” என்று சொல்லி, அது எப்போது எங்கே பட்டது என்பதையும் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

தைமாதம் பிரியாவிடை. வேண்டாம், வேண்டாம் என்று அவர் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. பாண்ட் வாத்தியம் வந்தது. மெல்ரொன் குடும்பத்தோடு கடற்கரையில் இருந்து வந்து முன்வரிசையில் இருந்தார். மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, அதற்கு மேல் இன்னொரு பொன்னாடை போர்த்தி, வெயிலுக்குள் ரீச்சர் அவிந்துபோனார். நடராசா இருபத்தைந்து நிமிடம் பேசினார். பிறகு வாழ்த்துமடல் வந்தது.

எல்லா ஊரிலும் வாழ்த்துமடலைக் கிளிநொச்சியில் கொடுத்துப் பொன்னெழுத்தில் அச்சடித்துக் கண்ணாடி போடுவார்கள். இவர்கள் அச்சடிக்கவில்லை. நடராசாவின் மகள் தனுஷா, ஐந்தாம் தரம் முடித்தவள், விரலை ஒழுங்காக மடக்கி உருண்டை உருண்டையாக எழுதியிருந்தாள். அடியில் நாற்பத்து மூன்று வீட்டுக்காரரின் கையொப்பம். ரீச்சர் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். நடராசாவுடையது நிமிர்ந்து நின்றது. அதற்குப் பக்கத்தில் ஒன்று வலப்பக்கம் சாய்ந்தது, இன்னொன்று நுளம்பு போலச் சின்னதாக இருந்தது. ஒன்றைப் போல ஒன்று இல்லை. கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லலாம். வெற்றிதான். ஆனால் தன்னுடைய எழுத்து அந்த ஊரில் இனி எங்கும் இல்லை என்பதை நினைத்தபோது, தான் கேட்டு வாங்கிய அந்த வெற்றி அவருக்குக் கொஞ்சம் கசந்தது. அதை மறைக்கவும் தெரியவில்லை.

கடைசி வரிக்கு வந்தபோது கண் நின்றது. இடப்பக்கம் சாய்ந்து, குற்று இரண்டும் கோடாக ஓட, ‘பேச்சியம்மா’ என்று இருந்தது.

பேச்சியம்மா மேடைக்குக் கீழேதான் நின்றார். ரீச்சர் இறங்கிப் போனார்.

“என்ன பேச்சியம்மா, பத்து மாதமாய்ப் பழக்கினன். வகுப்பிலை வடிவாய் மடக்கி எழுதினனீங்கள்தானே. இது என்ன?”

“வகுப்பிலை மடக்குவன். வீட்டிலை நீட்டித்தான் எழுதுறனான்” என்றார் பேச்சியம்மா, களவு பிடிபட்ட பிள்ளையைப் போல நிலத்தைப் பார்த்துக்கொண்டு. “எல்லாரும் மாத்திப்போட்டினம். ஒராளாவது உங்களைப்போல எழுத வேண்டாமோ, ரீச்சர்?”

ரீச்சர் அந்த விரலைப் பிடித்து மடக்கப் போனார். பிறகு மடக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.